நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்காதீர்கள்: ஆட்டின் ஈத்துக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மாதவரம், மணலி, மீஞ்சூர் பக்கமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் புதிதாக நாலைந்து செம்மறிப் பெட்டை ஆடு வாங்கிக் கட்டியிருக்கும் பிள்ளைகள்தான். கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். குட்டி சாகிற காரணம் மட்டும் பழையதேதான், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தப்பு. தீவனம் போடு, தண்ணி காட்டு, ராத்திரியில் ஒருமுறை எட்டிப் பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் செய்கிற தப்புகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நஞ்சு விழட்டும் என்று சீம்பாலை நிறுத்துவது

போன கார்த்திகையில் மணலி புதுநகரிலிருந்து ஒரு தம்பி விடிகாலையில் கூப்பிட்டார். "அண்ணே, குட்டி எழும்பவே மாட்டேங்குது." எப்போ போட்டது என்றேன். "நேத்து சாயங்காலம்." ஊட்டுச்சா? "இன்னும் நஞ்சு விழலண்ணே. விழுந்த பெறகுதான் ஊட்ட வுடணும்னு பக்கத்து வூட்டு ஆயா சொல்லிச்சு. அதான் குட்டியத் தனியா கட்டிட்டேன்."

போய்ப் பார்த்தேன். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்றிருந்தது. நாலடி தள்ளி நின்ற தாயின் மடி பால் கட்டி இறுகிக் கிடந்தது. மதியத்துக்குள் குட்டி போய்விட்டது. அந்த ஆயாமேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அவர் பெரியவர்கள் சொன்னது. ஆனால் இந்த நம்பிக்கைமேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. மடி நிறையப் பால் இருக்கும்போதே ஒரு குட்டி பட்டினியில் சாகிறதே!

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பங்கு வயிற்றிலிருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து வந்துவிடும். ஆட்டுக்கு அது கிடையாது. ஆட்டின் நஞ்சுக்கொடி அதைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதைச் சிதைக்காமல் ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். அப்புறம் மளமளவென்று குறைந்து 24 மணி நேரத்தில் நின்றே விடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிறையும், அந்தக் காப்பு கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குட்டி மடியை முட்டி முட்டிச் சப்பும்போதுதான் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. அதுதான் பாலை இறக்குகிறது, கருப்பையையும் சுருங்க வைக்கிறது. அதாவது குட்டி குடித்தால் நஞ்சு சீக்கிரம் விழும். ஊட்ட விடாமல் காத்திருக்கிறவர், எதற்குக் காத்திருக்கிறாரோ அதையே தள்ளிப்போடுகிறார்.

ஆகவே குட்டி விழுந்ததும் மூக்கு, வாயிலுள்ள சளியைத் துடையுங்கள். தாய் நக்கட்டும். பிறகு இரண்டு காம்பையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்திப் பீய்ச்சுங்கள். நுனியில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு வந்து விழும். அடுத்து மஞ்சளாக, கையில் ஒட்டுகிற பால் வரும். தலையீத்துப் பெட்டையில் இந்த அடைப்பு இறுகியிருக்கும். குட்டி வெறும் காம்பைச் சப்பிக்கொண்டே இருக்கும், நாம் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டிக் கிடந்தால் குடிக்கவில்லை.

இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு 125 மில்லி, ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் சீம்பால் போக வேண்டும். தாயிடம் இல்லையென்றால் அதே நேரத்தில் ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், வெள்ளாட்டுடையதோ மாட்டுடையதோ ஆனாலும் சரி. மிச்சமிருந்தால் சின்ன பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்க வேண்டும். அடுப்பில் கொதிக்க வைத்தால் அதன் சத்தே கெட்டுவிடும்.

"கெட்டிப்பால், வயித்தால போகும்" என்று கறந்து தரையில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். குட்டியின் முதல் சாணம் கறுப்பாக இருக்கும், பிறகு மஞ்சளாகப் பிசுபிசுவென்று வரும். அது நோயில்லை. வாலடியில் காய்ந்து அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிடுங்கள், போதும்.

நம் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ஆடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். அந்த ஒன்று போனால் ஐந்து மாதச் சினைக்குப் போட்ட தீவனம் அத்தனையும் போச்சு.

தொங்கும் நஞ்சைப் பிடித்து இழுப்பது

அதில் கல்லும் கட்டாதீர்கள், இழுக்கவும் செய்யாதீர்கள். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லையென்றால் டாக்டர்தான். விழுந்ததை உடனே ஆழமாகப் புதையுங்கள். இங்கே தெருநாய்கள் அந்த வாடைக்கு வரும். வந்தது நஞ்சோடு போகாது, குட்டியையும் தூக்கும்.

ஈரத் தரை

புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். இங்கே மண்தரையில் ஈத்து பார்ப்பது ஆபத்து. பழைய மரப் பேலட்டுகளை நாலு செங்கல்மேல் தூக்கிப் போட்டு, இடுக்கில் குட்டியின் கால் மாட்டாதபடி மேலே காய்ந்த வைக்கோலும் கோணியும் விரித்தால் போதும். சினை ஆட்டை மேடான இடத்துக்கு மாற்றுவதை மழை அறிவிப்பு வந்த அன்றே செய்யுங்கள், தண்ணீர் வந்தபிறகு இல்லை.

விறைத்துப்போன குட்டிக்கு முதலில் ஈரம் துடைத்துச் சூடு கொடுங்கள். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டியின் வாயில் பாட்டிலைத் திணித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பிறந்த குட்டியைக் குளிப்பாட்டுவது

வேண்டவே வேண்டாம். வாசனை போனால் தாய் சேர்க்காது.

தொப்புளுக்கு மஞ்சள் மட்டும் பூசுவது

டிங்சர் அயோடின். கொடி முழுவதும் நனைய வேண்டும்.

சினை ஆட்டுக்கு ரேஷன் அரிசிச் சோறு

கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி வயிற்றில் வேகமாக வளரும். அந்த நேரத்தில் தெம்புக்கு என்று அண்டா நிறையச் சோறு வைத்தால் வயிறு புளித்து ஆடே விழுந்துவிடும். கல்யாண மண்டபத்து மிச்சமும் அப்படித்தான். பசுந்தழை, கடலைக் கொடி, கூடவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அடர்தீவனம், அவ்வளவுதான். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசியையும் ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் போட்டுவிட்டால், அந்தக் காப்பும் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும்.

பனிக்குடம் உடைந்ததும் கையை விடுவது

முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அதுவே போடும். முக்கியும் ஒரு மணி நேரம் ஒன்றும் நகரவில்லை, அல்லது ஒரு கால் மட்டும், வால் மட்டும் தெரிகிறது என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.