‘சுகமாய் இருக்கிறன்’ என்று சொல்லிவிடாதீர்கள்

இலங்கையில், வன்னித் தர்மபுரத்தில், அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். லண்டனில் இருந்து வந்து 11 நாள். வந்த அன்றைக்கே பக்கத்து வளவு மாமி கேட்டா: “தம்பி, என்ரை பெடியன் போய் எட்டு மாசம். முதுகு ஏலாமல் வேலைக்குப் போகேல்லையாம். அங்கை அரசாங்கம் காசு குடுக்குமாமே?” அதற்குப் பிறகு நாளுக்கு ஒருவராவது வந்து இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நான் வருத்தத்தால் (நோயால்) வேலையை விட்டவன் என்பது ஊருக்கே தெரியும், அதனால் என்னிடம் வருகிறார்கள். வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். வன்னியிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கும், இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு அநேகமாக எல்லா உதவியும் உண்டு. அகதி வழக்கு இன்னும் முடியாதவருக்கு யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவருக்கு அரசு தரும் மாதாந்தக் காசு) இல்லை. ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) தரும் இடமும் கிழமைக் காசும்தான், ஆனால் என்.எச்.எஸ். (அரச வைத்திய சேவை) வைத்தியம் இலவசம். கெயர் வேலைக்கோ வேறு வேலைக்கோ ஸ்பொன்சரில், அதாவது முதலாளி பொறுப்பேற்ற விசாவில், வந்தவருக்கு ‘பொது நிதி இல்லை’ (அரசின் நலக் காசு எடுக்கக் கூடாது) என்ற நிபந்தனை இருக்கும். இந்த இடத்தில்தான் எங்கட பிள்ளைகள் பலர் ‘எனக்கு ஒன்றுமே கிடையாது’ என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். யூனிவர்சல் கிரெடிட்டும் பிப்பும் (நீண்ட வருத்தம், ஏலாமை உள்ளவருக்கான காசு) அவர்களுக்கு இல்லை, அது சரி. ஆனால் வேலைத்தலம் தரும் சிக் பே (வருத்தத்தில் நிற்கும்போது வரும் காசு) பொது நிதிக் கணக்கில் வராது. சம்பளத்தில் கழியும் நெஷனல் இன்சூரன்ஸ் கட்டியதற்காகக் கிடைக்கும் நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ.யும் (வருத்தத்தால் வேலை செய்ய ஏலாதவருக்கான காசு) வராது. இரண்டையும் பயமில்லாமல் கேட்கலாம். இ.எஸ்.ஏ.க்கு மட்டும் கடந்த 2, 3 வரி ஆண்டுகளில் போதிய அளவு கட்டியிருக்க வேண்டும், ஆகவே நேற்று வந்தவருக்கு அது சரிவராது.

வருத்தம் வந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். மனேஜர் அன்பாகத்தான் பேசுவார், “நீங்கள் விலகிக்கொண்டால் உங்களுக்கும் நல்லது” என்பார். கையெழுத்து வைத்தால், வேலை முடியும் நாளோடு சிக் பேயும் முடிந்தது. ஸ்பொன்சரில் வந்தவரென்றால் விசாவும் ஆட்டம் காணும். சம்பளமில்லாத லீவு 4 கிழமையைத் தாண்டினால் ஸ்பொன்சர் சிக்கலாகும் என்று ஒரு விதி உண்டுதான், ஆனால் சிக் லீவு அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் பயந்து விலகியவர் ஒருவரை எனக்குத் தெரியும். விசுவமடுப் பெடியன்.

முதல் 7 நாளுக்கு நீங்களே ‘வருத்தம்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதற்குமேல் போனால் ஜி.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) ஃபிட் நோட் (வேலைக்கு ஏலாது என்ற சான்று) எடுக்க வேண்டும். ஜி.பி.யில் பதிவதற்கு வீட்டு விலாச ஆதாரமோ விசாவோ கட்டாயமில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள். சிக் பே 28 கிழமை வரை கிடைக்கும். 2026 ஏப்ரலில் இருந்து முதல் நாளுக்கே காசு உண்டு, முன்பு முதல் 3 நாளும் வெறும் நாள். கிழமைக்கு 123.25 பவுண்ஸ் அல்லது உங்கள் சராசரிச் சம்பளத்தின் 80 சதவீதம், இதில் எது குறைவோ அது. லண்டன் அறை வாடகைக்கே காணாது. ஆனாலும் விடாதீர்கள்.

யூனிவர்சல் கிரெடிட் எடுக்க உரிமை உள்ளவர் இந்த நேரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். முதல் காசு வர 5 கிழமை ஆகும். இடையில் முற்பணம் கேட்டால் தருவார்கள், பிறகு மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். ஃபிட் நோட்டை இடைவெளி விழாமல் இணையக் கணக்கில் பதிந்துகொண்டே இருங்கள். வேலைக்கு ஏலுமா என்று ஒரு மதிப்பீடு வரும். ஏலாது என்று தீர்ந்தால், வழக்கமாக 3 மாதத்தின் பின், மேலதிகமாக ஒரு தொகை சேரும். 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அது மாதம் 217 பவுண்ஸ் அளவுதான். முன்பே உள்ளே இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம் காணி விஷயம். கையிருப்பு 6,000 பவுண்ஸைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் கிடையவே கிடையாது. கையிருப்பு என்றால் வங்கிக் கணக்கு மட்டும்தான் என்று எங்கட ஆட்கள் நினைக்கிறார்கள். கல்மடுவில் உங்கள் பேரில் இருக்கும் வயலும் கணக்குத்தான். பரந்தனில் வாங்கிப் போட்ட ரோட்டுக்கரைக் காணியும் கணக்குத்தான். எடுத்து வைத்திருக்கும் சீட்டுக்காசும் அப்படியே. ‘அங்கே யார் வந்து பார்க்கப்போகிறான்’ என்று மறைத்து, பிறகு பிடிபட்டு, வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். காணியின் பெறுமதியை ஊர் விலைக்குத்தான் பார்ப்பார்கள், லண்டன் விலைக்கு அல்ல.

சரி, பிப்புக்கு வருவோம். எங்கட ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். நானும் விட்டேன்.

பிப் வேலை செய்பவருக்கும் உண்டு, செய்யாதவருக்கும் உண்டு. சம்பளமோ சேமிப்போ பார்ப்பதில்லை. வருத்தத்தால் 3 மாதமாவது சிரமப்பட்டிருக்க வேண்டும், இன்னும் 9 மாதமாவது அது நீடிக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டில் 2 ஆண்டாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி; அகதி அந்தஸ்து உள்ளவருக்கு அந்த விதி இல்லை. 0800 917 2222 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் படிவம் அனுப்புவார்கள், ஒரு மாதத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு எடுக்க மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். தகப்பனுக்குக் குளிக்க ஏலாது என்பதைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

படிவத்தில் 12 விஷயம் கேட்பார்கள். சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, மருந்து எடுப்பது, ஆட்களோடு பழகுவது, நடப்பது என்று போகும். உங்கள் வருத்தத்தின் பெயருக்குப் புள்ளி இல்லை. அதனால் உங்களுக்கு எது ஏலாமல் போனதோ அதற்குத்தான் புள்ளி. 8 புள்ளி எடுத்தால் சாதாரண வீதம், 12 எடுத்தால் கூடின வீதம். அன்றாட வாழ்க்கைக்கும் நடமாட்டத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் ஆகக் குறைந்தது கிழமைக்கு 29.20 பவுண்ஸ், இரண்டிலும் கூடின வீதம் கிடைத்தால் 187.45.

2009இல் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் பட்ட செல் பீஸ் (குண்டுச் சிதறல்) இரண்டு இன்னும் எனக்குள்ளே கிடக்கிறது. 2016இல் இரவு வேலையில் பெட்டி தூக்கும்போது விழுந்தேன், அதோடு சரி. பிப் மதிப்பீட்டுக்குப் போனபோது, மதிப்பீடு செய்யும் பெண் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டு “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டா. நான் வன்னியில் வளர்ந்தவன். யாராவது அப்படிக் கேட்டால் வாய் தானாகச் சொல்லும். “சுகமாய் இருக்கிறன், நீங்கள் எப்படி?” என்றேன். அறிக்கை வந்தது. ‘உதவியில்லாமல் நடந்து வந்தார். நாற்காலியில் சிரமமின்றி இருந்தார். தான் நலமாக இருப்பதாகச் சொன்னார்.’ புள்ளி பூச்சியம். அன்று காலை இரண்டு வலிக் குளிசை போட்டுக்கொண்டு போனதும், பிறகு இரண்டு நாள் படுக்கையில் கிடந்ததும் அந்தத் தாளில் இல்லை. நான் சொல்லவில்லை, அவ கேட்கவுமில்லை.

‘ஏலுமா?’ என்று கேட்டால், ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் ஏலுமா என்றுதான் அர்த்தம். இந்த நாலும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய முடிந்தால் அது ‘ஏலும்’ ஆகாது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதே கணக்கு. “சமைப்பேன்” என்று ஒரு அன்ரி சொன்னா. மருமகள் காய் வெட்டி, பானையை இறக்கி வைத்து, இவ கதிரையில் இருந்து கிண்டுவதைத்தான் சமையல் என்கிறா. அதை அப்படியே விரித்து எழுத வைத்தோம்.

நடையை மீற்றரில் கேட்பார்கள். 20 மீற்றருக்கு மேல் நடக்க ஏலாதவருக்கு 12 புள்ளி, 20க்கும் 50க்கும் இடையில் என்றால் ஊன்றுகோல் போன்ற துணையில்லாமல் நடப்பவருக்கு 8, துணையோடு மட்டும் நடக்க ஏலுமானவருக்கு 10. எங்கட ஆட்களுக்கு 20 மீற்றர் என்றால் பிடிபடுவதில்லை, “ஒரு 200 மீற்றர் நடப்பன்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். நேற்று அக்கா வீட்டுக் குசினி வாசலில் இருந்து கிணற்றடிக்குக் காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். 27 காலடி, கிட்டத்தட்ட 20 மீற்றர். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பப்பாசி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியிடம் சொன்னேன்: “பெடியனிட்டைக் கேளுங்கோ, வீட்டு வாசலில இருந்து கிணத்தடிக்குப் போய், திரும்பி, உடனே இன்னொருக்காப் போக ஏலுமோ எண்டு.” அவவுக்கு அது விளங்கியது.

மறுத்தால் சோர்ந்து போகாதீர்கள். ஒரு மாதத்துக்குள் ‘மறுபடி பாருங்கள்’ என்று எழுத வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் ட்ரிபியூனல் (தீர்ப்பாயம்). அது ஜொப் சென்டர் (அரசின் நலக் காசு அலுவலகம்) ஆட்கள் அல்ல, சுயாதீனமானது. பிப் வழக்குகளில் அங்கே விசாரணைவரை போகிறவர்களில் பாதிக்கு மேல் வெல்கிறார்கள். நானும் அங்கேதான் வென்றேன். கடிதம் எழுத சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையத்தில் இலவசமாக உதவுவார்கள். காசு கேட்டு ‘செய்து தாறன்’ என்று வரும் அண்ணைமாரிடம் போகாதீர்கள்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு 2009க்கு முந்திய கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் எதுவுமில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது. புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனவர்கள் சிலரிடம் அந்தத் துண்டுகள் இருக்கின்றன. இருந்தால் பொன்னாக வைத்திருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜி.பி.யிடம் சொல்லி எக்ஸ்ரே எடுத்தால் பீஸ் தெரியும். ஒன்று மட்டும்: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று முதலே சொல்லுங்கள். அந்த இயந்திரம் காந்தம், பீஸை இழுத்து அசைக்கக்கூடும். காயம் எப்படி வந்தது என்பதில் அகதி வழக்கில் சொன்னதும் வைத்தியரிடம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். இரவில் நித்திரையில்லாமல் திடுக்கிட்டு எழும்புவதையும், சனம் கூடும் இடத்துக்குப் போகப் பயப்படுவதையும் மறைக்க வேண்டாம், அதற்கும் புள்ளி உண்டு.

ஊருக்கு வருவதென்றால் முதலே அறிவியுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒரு மாதம்வரை, பிப்புக்கு 13 கிழமைவரை வெளியே நிற்கலாம். வைத்தியத்துக்கென்று வந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டலாம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்வரை நில்லன் என்று அக்கா கேட்கிறா. என் திரும்பும் ரிக்கற் 24ஆம் நாளுக்குப் போட்டது. மாமி இப்போதுதான் பெடியனின் பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறா, இரண்டு பக்கம் கறையான் அரித்திருக்கிறது. மிச்சத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்ப வேண்டும்.