சர்க்கரையை இறக்கிய ஷேக்கும் சூப்பும்

மூன்று வேளைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு உணவுக்குப் பதிலான, கலோரி குறைந்த ஷேக் (கலக்கிக் குடிக்கும் பானம்), சூப் மட்டும் குடிக்கலாம் என்று நான் துணிந்தது விளம்பரம் பார்த்து அல்ல, சர்க்கரை நோய் பற்றிய டைரெக்ட் (DiRECT) ஆய்வைப் படித்துத்தான். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 306 பேரிடம் நடந்த ஆய்வு. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஷேக், சூப் மூலம் நாளுக்குச் சுமார் 850 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம் வரை. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம்! கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதே காரணம் என்பது நியூகாசில் பேராசிரியர் ராய் டெய்லரின் விளக்கம்.

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகவில்லை, இன்சுலினும் போடவில்லை. ஆய்வில் சேர்த்ததும் அப்படிப்பட்டவர்களைத்தான். என் டாக்டரே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கண்காணித்தார். தயவுசெய்து இதை யாரும் தானாகச் செய்யாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து. பசி சீக்கிரமே அடங்கிவிட்டது. மலச்சிக்கல்தான் படுத்தியது, இசப்கோலும் நிறையத் தண்ணீரும் கைகொடுத்தன.

எடை குறைந்தது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.5க்குக் கீழே வந்தது. உண்மையான சவால் அதற்குப் பிறகுதான். ஆய்விலேயே இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. அதனால் சோற்றுக்கு ஒரேயடியாகத் திரும்பவில்லை: முதலில் ஒரு வேளை, சில வாரம் கழித்து இன்னொரு வேளை. இப்போதும் எடை ஏறினால் கொஞ்ச நாள் சூப்புக்குப் போய்விடுகிறேன். ஆய்விலும் இதே ஏற்பாடு இருந்தது.