கணுக்கால் காயமும் அறுவை சிகிச்சையும்: குணமாகும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணுக்கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்து, எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடான பிளேட் வைத்து வீடு திரும்பிய ஒருவர், ஐந்தாறு வாரங்களில் வலி ஏறத்தாழ நின்றதும் கால் ஆறிவிட்டது என்று முடிவு செய்து ஊன்றுகோலை மூலையில் சாத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பின்னால் தலைகாட்டும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு தவறான கணக்கிலிருந்தே கிளைக்கிறது. எலும்பு, தசைநார், தசை, தோல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஆறுகின்றன. வலியோ பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகவே அடங்கிவிடுகிறது. முறிந்த எலும்பு உடல் எடையைத் தாங்கும் அளவுக்குக் கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். வீக்கம் முழுவதும் வற்ற ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். ஆகவே வலி குறைந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து கணக்கிடுவது பயன் தராது.

குமரி மாவட்டத்தில் இந்தக் காயங்களுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. விடியுமுன் மலைச்சரிவில் இறங்கிப் பால் வெட்டும் ரப்பர்த் தொழிலாளிகள், இரண்டு பருவமழைகளிலும் பாசி பிடித்துக் கிடக்கும் வீட்டுப் படிகள், வளைவு நெளிவான குறுகிய சாலைகளில் விரையும் இருசக்கர வாகனங்கள், தென்னை மரங்கள் என எல்லாமே காலைச் சோதிப்பவை. இவற்றுள் தென்னையிலிருந்து விழுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயரத்திலிருந்து குதிகால் ஊன்ற விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதோடு, அதே அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பிலும் முறிவை ஏற்படுத்தக்கூடும். சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. காலின் கடும் வலியில் முதுகு வலி மறைந்துபோவதால், விழுந்தவரை இருவர் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது பெரிய தவறு. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் படுக்க வைப்பதும், முதுகையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்பதும் அவசியம்.

சுளுக்கு என்று எண்ணித் தடவுவது

வர்மமும் எலும்பு முறிவுக் கட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மண் இது. ஆசான்மாரின் கைத்திறனை இகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ரே எடுத்து வந்த பிறகே கை வைப்பேன் என்று சொல்லும் வைத்தியர்களும் இங்கே இருக்கிறார்கள். தவறு நிகழ்வது பெரும்பாலும் அவர்களிடம் போவதற்கு முன்பே, வீட்டில் நிகழ்கிறது. கால் பிரண்ட அன்றே எண்ணெயைச் சூடாக்கி அழுத்தித் தடவுகிறார்கள். கிழிந்த தசைநாரிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் தேய்ப்பும் கசிவைக் கூட்டி வீக்கத்தைப் பெருக்கும். உள்ளே முறிவு இருந்தால் எலும்பு விலகவும் கூடும். அந்த நாட்களில் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்தல், மிதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே போதும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் ஐஸ் வைக்கக் கூடாது.

முறிவா சுளுக்கா என்பதை வீக்கத்தின் அளவை வைத்துத் தீர்மானிப்பதும் பிழையே. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் வகுக்கப்பட்ட சில எளிய விதிகளை உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் சாரம் இதுதான்: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளிப்பக்க நடுவிலோ உட்பக்க நடுவிலோ விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால், அல்லது காயம்பட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நடக்க முடிகிறதே என்பதை மட்டும் வைத்து முறிவில்லை என்று சொல்லிவிட முடியாது. வெளிப்பக்க எலும்பின் சில முறிவுகளோடு மனிதர்கள் நாட்கணக்கில் நொண்டி நடக்கிறார்கள்.

முறிந்த காலில் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவதில் உள்ள ஆபத்து வேறு வகையானது. முறிவுக்குப் பின் ஓரிரு நாட்கள் வீக்கம் ஏறிக்கொண்டேயிருக்கும். கட்டு விரிந்து கொடுக்காததால் உள்ளழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துப்போகும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். மாத்திரைக்கு அடங்காமல் நேரம் செல்லச் செல்ல ஏறும் வலி, விரல்களை மெல்ல அசைத்தாலே உயிர் போவது போன்ற வேதனை, மரத்துப்போதல், விரல்கள் வெளிறிக் குளிர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று விடியும்வரை பொறுத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதம் காலையே பறித்துவிடும். எந்த நள்ளிரவானாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

கணுக்காலைச் சுற்றியும் பாதத்தின் மேற்புறத்திலும் தோல் மெல்லியது. அதற்கடியில் சதை குறைவு. அதனால் இங்கே அறுவை சிகிச்சைக் காயம் ஆறுவது வீக்கம் வற்றுவதைப் பொறுத்தே அமைகிறது. நோயாளி பெரும்பாலும் படுத்திருந்து, பாதம் நெஞ்சுக்கு மேலான உயரத்தில் இருக்கும்படி காலை வைக்க வேண்டிய நாட்கள் இவை. தலையணையைக் கெண்டைக்காலின் கீழ் வைத்துக் குதிகாலை எதிலும் படாமல் விட வேண்டும். குதிகால் நாள் முழுவதும் அழுந்திக் கிடந்தால் அங்கே புதிதாக ஒரு புண் உருவாகிவிடும். இந்த ஒழுங்கு குலைவது பெரும்பாலும் விருந்தினர் வரும்போதுதான். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக உறவினர்கள் அடுத்தடுத்து வர, மரியாதைக்காக எழுந்து சிட் அவுட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் விபத்தை விவரித்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் கால் கருநீலமாகிப் பூரித்து நிற்கும். வந்தவர்களைப் படுக்கையருகே அமரச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மாவுக்கட்டு நனைவது நம் ஊரில் தீராத தொல்லை. ஜூன் மாத மழை ஓய்ந்தால் அக்டோபர் மழை வந்துவிடுகிறது. கிணற்றடிக் குளியலும் உண்டு. பாரிஸ் சாந்துக் கட்டு நனைந்தால் உறுதி இழக்கும். ஃபைபர் கட்டு நனைந்தால் மேற்புறம் காய்ந்தாலும் உட்பஞ்சு ஈரமாகவே இருந்து தோலை அழுகவைக்கும். உள்ளே அரிப்பெடுக்கும்போது ஈர்க்கிலை விட்டுச் சொறிவது அதைவிடக் கெடுதல். தோலில் விழும் சிறு கீறல் கட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சீழ் பிடிக்கும். துர்நாற்றமோ, கட்டின் மேல் புதிய கறையோ, காய்ச்சலோ கண்டால் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தையலைப் பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரங்களில் பிரிப்பார்கள். அதற்குமுன் காயத்தின் மேல் மஞ்சளோ பச்சிலைச் சாறோ பூச வேண்டாம்.

அசையாத காலில் இரத்தம் உறையக்கூடும். கெண்டைக்காலில் புதிதாக ஒரு வலியும் வீக்கமும் கதகதப்பும் தோன்றினால் தசைப்பிடிப்பு என்று நினைத்து உருவிவிடுவது உயிருக்கே ஆபத்தானது. உறைகட்டி பிடிவிட்டு நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் அதன் அறிகுறிகள். உறைதலைத் தடுக்க மருத்துவர் ஊசியோ மாத்திரையோ எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லை என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது.

உணவைப் பற்றிய அச்சம்

மீனும் முட்டையும் புண்ணில் சீழ் வைக்கும் என்று சொல்லி, கடலோரக் குடும்பங்களில்கூட நோயாளிக்குக் கஞ்சியும் துவையலும் மட்டுமே கொடுக்கும் பத்தியம் இன்னும் நீடிக்கிறது. சீழ் கிருமியால் வருவது, மீனால் வருவதில்லை. திசு கட்டமையப் புரதம் வேண்டும் என்பதால், சாளையும் முட்டையும் பயறும் அப்போதுதான் அதிகம் தேவை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். உண்மையில் விலக்க வேண்டியது பீடியும் சிகரெட்டும்தான். புகை, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதையும் தோல் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. மீனை ஒதுக்கிவிட்டுப் பீடியைத் தொடரும் பத்தியம் முழுக்கத் தலைகீழானது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எலும்பு கூட மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சில வேளைகளில் காலூன்றாமல் இருக்க வேண்டிய காலத்தை மருத்துவர் இரு மடங்காக்குவதும் உண்டு. வலி தெரியாத காலில், வலிக்கவில்லை என்று நடந்தால் பிளேட்டும் ஸ்குரூவும் பிடிவிட்டுப் பாதத்தின் வடிவமே சரிந்துவிடலாம். வலியை அளவுகோலாகக் கொள்வதன் விலை இவர்களுக்கே மிக அதிகம்.

ஊன்றுகோலும் எடையும்

வீடு திரும்பும்போது, நடக்கலாமா என்று மட்டும் கேட்பார்கள். எவ்வளவு எடை என்று கேட்பதில்லை. காலை ஊன்றவே கூடாது, தரையைத் தொடலாம், பாதி எடை கொடுக்கலாம், முழு எடை கொடுக்கலாம் என்பவை நான்கு வெவ்வேறு கட்டளைகள். பாதி எடை எவ்வளவு என்பதை எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது அந்தக் காலை வைத்து அழுத்திப் பழகிக்கொள்ளலாம். அக்குள் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடையைக் கைகள் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டு செயலிழக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் காயப்பட்ட காலும் முதலில். ஒற்றைக் கைத்தடிக்கு மாறியபின், பலர் நினைப்பதற்கு மாறாக, அதை நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மொசைக் தரையில் ஒரு துளி நீர் போதும், மறுபடி விழுவதற்கு.

கட்டுப் பிரித்த பின்

கட்டுப் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று எண்ணுவதும், மீண்டும் முறியுமோ என்று அஞ்சிக் காலை அசைக்காமலே வைத்திருப்பதும் ஒரே அளவுக்குக் கெடுதல் செய்கின்றன. வாரக்கணக்கில் அசையாதிருந்த கணுக்கால் இறுகியிருக்கும்; குதிகால் தசைநாண் சுருங்கிப் பாதம் மேல்நோக்கி மடங்காது. துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுப்பது, மருத்துவர் அனுமதித்தபின் இரு கால்களாலும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பது என இயன்முறை சிகிச்சையாளர் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பார். இவற்றில் ஒற்றைக்கால் நிலைப்பைப் பலர் விளையாட்டாக எண்ணிக் கைவிடுகிறார்கள். கிழிந்த தசைநாரோடு, மூட்டு இருக்கும் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளும் பழுதடைகின்றன; அந்த உணர்வைப் பயிற்சியால் மீட்காவிட்டால் அதே கால் மீண்டும் மீண்டும் பிரளும். மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்கள், 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சை பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வேலைக்குத் திரும்பும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். மேசை வேலை செய்பவருக்குச் சரியான நாள், தோட்டத்துச் சரிவில் இறங்குபவருக்கும், ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்கும் சரியாகாது; சமதளத்தில் நடப்பது கைகூடிய பிறகே மேடுபள்ளமும் மணலும். வாகனம் ஓட்டுவதில் வலக்காலால் பிரேக்கைத் தயக்கமின்றி முழு விசையோடு அழுத்த முடிய வேண்டும். பைக்கில் இடக்காலும் கியர் மாற்றவும் நிறுத்தும்போது ஊன்றவும் தயாராக இருக்க வேண்டும். சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கிப் 12 சிவாலயங்களுக்கு வெறுங்காலோடு ஓடும் சிவாலய ஓட்டத்தை நேர்ந்துகொண்டவர்கள், மாவுக்கட்டுப் பிரித்த ஆண்டில் அதை ஒத்திவைப்பதே சரி. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மற்றக் காலுக்கு இணையாகத் தொடர்ந்து உயர்த்த இயலாதவர் நெடுந்தொலைவு ஓடத் தகுதி பெறவில்லை.

பிளேட்டை எடுத்தாக வேண்டுமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. உறுத்தலோ தொற்றோ இல்லாவிட்டால் பெரும்பாலோருக்கு அது உள்ளேயே இருக்கலாம். எடுப்பது இன்னோர் அறுவை சிகிச்சை. ஸ்குரூ இருந்த துளைகள் நிறையும்வரை எலும்பு சற்றுப் பலவீனமாகவே இருக்கும் என்பதால், எடுத்த பிறகும் சில வாரங்கள் ஓட்டமும் குதிப்பும் கூடாது.