நடுக்கடலில் சிக்னல் வந்தால் கவனம்: கப்பல் பயணத்தில் இன்டர்நெட்டுக்காகச் செய்யும் தவறுகள்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட சின்னதாக ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் உருத்திரபுரத்திலிருந்து ஒரு ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். கனடாவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வருகிறானாம். இவர்களையும் அங்கே கூப்பிட்டு, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் ஏற்றப் போகிறானாம். பதினொரு வருடமாக நேரில் காணாத பிள்ளை. அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, அந்தக் கப்பலிலை இருந்துகொண்டு முல்லைத்தீவிலை இருக்கிற மகளோடை கதைக்கேலுமே?”

கதைக்கலாம். நன்றாகவே கதைக்கலாம். ஆனால் அதற்குரிய வேலையில் முக்கால்வாசி கப்பலில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. கப்பலில் காசை இழந்தவர்கள், நாட்கணக்கில் தொடர்பில்லாமல் தவித்தவர்கள் என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் எல்லோரும், அந்தத் தவறைக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன்பே செய்து முடித்திருந்தார்கள்.

கடலில் தெரியும் சிக்னல் யாருடையது?

தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் நிற்கும் தமிழ்நாட்டுப் பயணிகளின் போன் திடீரென்று இலங்கை வலையமைப்பைப் பிடிக்கும். அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். நடுவில் மரமோ கட்டடமோ மறைக்காததால் கரைக் கோபுரத்தின் அலை அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதற்கும் அப்பால் போனால் என்ன நடக்கும் என்று முல்லைத்தீவில் தொழிலுக்குப் போகும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கரை மறைய சிக்னலும் மறையும்.

சொகுசுக் கப்பலில் மட்டும், கரை மறைந்து நெடுநேரம் ஆன பிறகும் போனில் கோடுகள் நிற்கும். “ஆ, இங்கேயும் சிக்னல் இருக்கு” என்று பலர் சந்தோஷப்படுவது அப்போதுதான். அது கரையிலிருந்து வருவதல்ல. கப்பலுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் சின்னச் சின்ன அன்டெனாக்களிலிருந்து வருவது. அங்கிருந்து செய்மதிக்குப் போய், பிறகுதான் தரைக்கு வருகிறது. போன் திரையில் ‘செல்லுலர் அட் சீ’ என்றோ, 901 என்று தொடங்கும் இலக்கமாகவோ தெரியும். இது எந்த நாட்டின் வலையமைப்பும் அல்ல. அதனால் வெளிநாட்டில் நம் சிம்மைப் பாவிப்பதற்காக நீங்கள் காசு கட்டிப் போட்டுக்கொண்டு போன ரோமிங் பக்கேஜில் பெரும்பாலும் அடங்காது. கட்டணமோ தரையிலுள்ள ரோமிங்கைவிடப் பல மடங்கு. “மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் ரோமிங் போட்டாச்சு” என்று நிம்மதியாக இருப்பவரும் இதில் மாட்டுவார்.

என் மச்சானுக்கு நடந்தது இதுதான். மாத பில் கட்டும் இணைப்பு. கப்பலில் அவர் ஒரு கோலும் எடுக்கவில்லை, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று எடுத்த படங்களை போன் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. குடும்பக் குழுவில் வந்த வீடியோக்கள் தானாக இறங்கிக்கொண்டிருந்தன. வீடு வந்து பில்லைப் பார்த்துவிட்டு என் கடை வாங்கில் வந்து பேசாமல் அமர்ந்தார். அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

செய்ய வேண்டியது சுலபம். கப்பலில் ஏறியதும் ஃப்ளைட் மோட் போடுங்கள், பிறகு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். ஃப்ளைட் மோட் போட்டால் வைஃபையும் வேலை செய்யாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. இரண்டும் ஒன்றாக இருக்கும். ‘டேட்டா ரோமிங்கை’ மட்டும் நிறுத்தினால் போதும் என்பதும் தவறு. அது டேட்டாவை மட்டும்தான் தடுக்கும். யாராவது கோல் எடுத்து, நீங்கள் ‘ஹலோ’ சொன்னால் அதற்கும் கணக்கு ஓடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் இரண்டாம் நாள் விழுகிற குழி ஒன்று உண்டு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும், கரையிலிருந்து ஏறத்தாழ 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீற்றருக்குள்ளும், கப்பலின் சொந்த சிக்னலைப் பெரும்பாலும் நிறுத்தி வைப்பார்கள். பினாங்கில் இறங்கும்போது நீங்கள் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு உள்ளூர் டேட்டாவைப் பாவிக்கிறீர்கள். பின்னேரம் களைத்துப்போய்த் திரும்பிவந்து, குளித்து, சாப்பிடப் போகிறீர்கள். கப்பல் அதற்குள் எல்லை தாண்டிவிடும். பைக்குள் இருக்கும் போன் கப்பல் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே திரும்பி ஏறும்போது, வாசலில் கார்ட்டைக் காட்டுவதற்கு முன்பே ஃப்ளைட் மோட் போட்டுவிடுங்கள். அறைக்குப் போய்ப் போடலாம் என்று வைத்தால் மறந்துபோகும்.

பக்கேஜ் வாங்குவதில்

கப்பலின் வைஃபை வேறு, மேலே சொன்ன சிக்னல் வேறு. வைஃபைக்குக் கப்பல் நிறுவனம் தனியாகப் பக்கேஜ் விற்கிறது. பெரிய நிறுவனங்களில் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 அமெரிக்க டொலரிலிருந்து 30 டொலர் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். வைக்கிங் போன்ற சில நிறுவனங்கள் அடிப்படை வைஃபையை டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. அதைப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். ஏறிய பிறகு வாங்குவதைவிட, முன்கூட்டியே நிறுவனத்தின் இணையத்தளத்தில் வாங்கினால் பொதுவாக விலை குறைவு.

விலை மலிவு என்று மிகக் குறைந்த பக்கேஜை எடுப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்வது. அதில் பேஸ்புக் பார்க்கலாம், வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம். ஆனால் பல கப்பல்களில் வட்ஸ்அப் கோல், வீடியோ கோல் அதில் வேலை செய்யாது. அதற்கு மேல்தரப் பக்கேஜ் வேண்டும். நமக்கு முக்கியமே கோல்தான். அந்த அம்மாவுக்கு எழுத்தில் வரும் ‘நலம்’ போதாது, மகளின் குரல் வேண்டும், பேரப்பிள்ளையின் முகம் வேண்டும். எனவே வாங்குமுன் “இதில் வட்ஸ்அப் கோல் எடுக்கலாமா?” என்று நேராகக் கேளுங்கள். ‘சோஷல்’, ‘பிரீமியம்’ என்ற பெயர்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆறு பேர் போனால் ஆறு பக்கேஜ் வாங்குவதும் வீண் செலவு. கணக்கு கருவிக்குத்தானே தவிர ஆளுக்கல்ல. ஒரு போனில் வெளியேறிவிட்டு அதே பக்கேஜை இன்னொரு போனில் போடப் பெரும்பாலான கப்பல்கள் விடுகின்றன. இரண்டு இணைப்பு இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஆனால் முறையாக ‘லாக் அவுட்’ செய்ய வேண்டும். பக்கத்தை மூடினால் வெளியேறியதாக ஆகாது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய முறையில் செய்மதி பூமிக்கு மேலே 35,786 கிலோமீற்றரில் நிற்கும். நீங்கள் சொல்வது அங்கே போய்த் தரைக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர ஏறத்தாழ அரைச் செக்கன் பிடிக்கும். அதனால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, “கேக்குதோ, கேக்குதோ” என்று கொண்டிருப்பார்கள். 2022இலிருந்து ரோயல் கரீபியன், கார்னிவல் குழுமம் போன்ற பெரிய நிறுவனங்கள் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையத்துக்கு மாறின. அதன் செய்மதிகள் 600 கிலோமீற்றருக்கும் குறைந்த உயரத்தில் ஓடுபவை, ஆகவே அந்தத் தாமதம் காதுக்குத் தெரியாது. 2025 ஜூலையில் நம் நாட்டில் சேவை தொடங்கியதும் இதே ஸ்டார்லிங்க்தான். பதிவு செய்யும்போது உங்கள் கப்பலில் எது இருக்கிறது என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஓடிபி வராத துன்பம்

இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. மாட்டினால் அழுகை வரும்.

கப்பலில் வைஃபை நன்றாக இருக்கிறது, வங்கி ஆப் திறக்கிறது, ஏதோ அவசரத்துக்குக் காசு மாற்ற வேண்டும். வங்கி ஓடிபியை, அதாவது ஒரு தடவை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கத்தை, உங்கள் இலங்கை நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். போன் ஃப்ளைட் மோடில் இருக்கிறது, எஸ்எம்எஸ் வராது. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் சாதாரண எஸ்எம்எஸ்ஸை அதனால் பெரும்பாலும் கொண்டுவர முடியாது. கரை இறங்கும்போது பார்க்கலாம் என்றால், இலங்கை சிம்முக்கு ரோமிங் போடாமல் வந்திருப்பீர்கள், அங்கேயும் வராது.

இதற்கு வீட்டிலேயே மூன்று வேலை செய்யுங்கள். பில், தவணை எல்லாவற்றையும் புறப்படுமுன் கட்டி முடியுங்கள். ஓடிபியை மின்னஞ்சலுக்கு அனுப்ப உங்கள் வங்கி சம்மதித்தால் அப்படி மாற்றுங்கள். ஜிமெயில், பேஸ்புக் போன்றவற்றுக்கு ஓதென்டிகேட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது இலக்கத்தைப் போனுக்குள்ளேயே உருவாக்குவதால் சிக்னலும் தேவையில்லை, நெற்றும் தேவையில்லை. இலங்கை சிம்மில் ரோமிங்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள், துறைமுகத்திலாவது எஸ்எம்எஸ் வந்து சேரும்.

வட்ஸ்அப்பிலும் இதே வில்லங்கம் உண்டு. வெளிநாட்டு சிம்மைப் போட்டதும், நம்பரை மாற்றவா என்று அது கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே அது தொடர்ந்து வேலை செய்யும். பயணத்துக்கென்று புதுப் போன் வாங்கினால், வட்ஸ்அப்பை இங்கே வைத்தே அதில் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஐயா புதுப் போனைப் பெட்டியோடு கொண்டுபோய் சிங்கப்பூரில் திறக்க இருந்தார். நல்ல காலம், கடைக்கு வந்தார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்கள் தானாக மேலேறுவதையும், ஆப்கள் தானாகப் புதுப்பிப்பதையும், வட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டுப் போங்கள். கப்பல் நிறுவனத்தின் ஆப், டிக்கெட், விசா, பாஸ்போர்ட் பிரதி, போகும் ஊர்களின் வரைபடம் எல்லாம் போனுக்குள் முன்பே இருக்கட்டும். அறை இரும்புச் சுவர்களால் ஆனது, வைஃபை அன்டெனா பெரும்பாலும் அறைக்கு வெளியே நடைபாதையில்தான் இருக்கும். கட்டிலில் கிடந்து எடுக்காத கோல் கதவடியில் எடுக்கும்.

கரையில் இறங்கியதும்

இ-சிம், அதாவது கார்ட் இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், போடுவது நல்ல யோசனைதான். ஆனால் அது தரைக்கு மட்டும். கப்பல் கரையை ஒட்டிப் போகும் சில மணி நேரம் மேல்தளத்தில் கொஞ்சம் பிடிக்கலாம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதை நிறுவவும் நெற் வேண்டும், எனவே வீட்டு வைஃபையில் நிறுவிக்கொண்டு போங்கள். நீண்ட கோல், படம் அனுப்புவது எல்லாவற்றையும் துறைமுக நாளுக்கு ஒதுக்கி வைத்தால் கப்பலில் பெரிய பக்கேஜே தேவைப்படாமல் போகலாம்.

நேரத்தில் கவனமாக இருங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து அவர்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கி போன் உள்ளூர் சிக்னலைப் பிடித்ததும் அதன் கடிகாரம் தானாக மாறிவிடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால், போனில் 4 மணி என்று நீங்கள் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது கப்பலில் 5 மணி. கப்பல் காத்திருக்காது. தானாக நேரம் மாறுவதை நிறுத்திவைத்து, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் போவது

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுவது இதுதான். மற்ற இடங்களில் இரண்டு நாள் மெசேஜ் வராவிட்டால் ‘சுற்றித் திரிகிறார்கள்’ என்று விட்டுவிடுவார்கள். வன்னியில் அப்படி இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வரும் ஒரு துண்டுக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2009இன் முதல் மாதங்களில் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்கு, இங்கே தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. அதற்குப் பிறகு போன் பேசாமல் கிடந்தால் நம் வீடுகளில் யாருக்கும் சோறு இறங்காது. ‘கடைசியாகப் பார்த்தது நேற்று’ என்ற வட்ஸ்அப் வரியைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய இருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

அதனால் எந்த நாள் கடல், எந்த நாள் கரை, எந்த நேரம் கோல் வரும் என்பதைப் போகுமுன்பே வீட்டாருக்குக் கொடுங்கள். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால் நம் நேரம் இரண்டரை மணி பின்னால், அங்கே இரவு 9.30 என்றால் இங்கே 7. அந்த நேரத்தில் கப்பலில் பலர் நிகழ்ச்சி பார்க்கப் போயிருப்பார்கள், வைஃபையிலும் நெரிசல் குறையக்கூடும். கப்பலின் பெயரையும் நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் ஏதும் அவசரம் என்றால் நிறுவனத்தின் ஊடாகக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப வழி உண்டு.

அந்த அம்மா என் மேசையிலேயே மகளுக்குக் கோல் எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அங்கே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டினாள்: “செவ்வாய் கடல், கோல் இல்லை. புதன் பினாங்கு, பகல் 12 மணிக்குப் பிறகு. வியாழன் புக்கெட், பகல். வெள்ளி திரும்பவும் கடல், இரவு 7 மணிக்கு. சரிதானே அம்மா?”