இரண்டு கண்டெய்னர், ஒரே கோப்பு: டாக்கர் கம்போஸ் முதல் பாடம்

ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியாக ஓடவைக்கும் பெட்டிதான் கண்டெய்னர்; அதை இயக்கும் கருவி டாக்கர். ஒரே ஒரு கண்டெய்னரை ஓட்ட 'டாக்கர் ரன்' போதும். வேர்ட்பிரஸ் தளம் ஒன்று, அதற்கு மரியாடிபி தரவுத்தளம் ஒன்று என்று இரண்டானதும் தொல்லை தொடங்கிவிடும். போர்ட் (இணைப்புக்கான வாசல் எண்), கடவுச்சொல், நெட்வொர்க் என்று கட்டளை மூன்று வரிக்கு நீளும்; அடுத்த வாரம் அதில் பாதி நினைவில் இருக்காது. அத்தனையையும் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும் வழிதான் கம்போஸ். முதலில் ஃபிக் என்ற பெயரில் இருந்த கருவி இது. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2014-இல் டாக்கர் வாங்கியது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: டாக்கர் கம்போஸ் வெர்ஷன்

பதிப்பு எண் தெரிந்தால் மேலே போகலாம். பழைய பாடங்களில் இரு சொற்களுக்கும் நடுவே சிறு கோடு இருக்கும். அது பைத்தானில் எழுதிய முதல் பதிப்பு. 2023-லேயே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது இடைவெளிதான்.

படி 2: கோப்பு

புதிய கோப்புறையில் 'கம்போஸ்.யாம்ல்' என்று ஒரு கோப்பைத் திறங்கள். 'சர்வீசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'டிபி', 'வெப்' என்று இரண்டு பெயர்கள். உள்வரிகளை ஸ்பேஸ் விட்டே தள்ளுங்கள். இந்தக் கோப்பு எழுதப்படும் வடிவமான யாம்ல், டேப் விசையை ஏற்காது. புதியவர்களின் முதல் பிழைச்செய்தி பெரும்பாலும் இதனால்தான் வரும்.

'டிபி'க்கு மரியாடிபி இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு), தரவுத்தளப் பெயர், பயனர், அவருக்கும் ரூட் என்ற தலைமைப் பயனருக்கும் கடவுச்சொற்கள். 'வெப்'புக்கு வேர்ட்பிரஸ் இமேஜ், அதே தரவுத்தள விவரங்கள், "8080:80" என்ற போர்ட் வரி. இடப்பக்கம் இருப்பது உங்கள் கணினியின் போர்ட், வலப்பக்கம் கண்டெய்னருடையது.

தரவுத்தள முகவரியாக என்ன எழுதுவது? பலர் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதிவிட்டு விழிப்பார்கள். கண்டெய்னருக்குள் அந்தச் சொல் அந்தக் கண்டெய்னரையே குறிக்கும். 'டிபி' என்று மட்டும் எழுதுங்கள். கம்போஸ் அமைக்கும் நெட்வொர்க்கில் சர்வீஸின் பெயரே முகவரி. எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது இதனால்தான்.

கண்டெய்னர் அழிந்தாலும் தரவு தங்கும் சேமிப்பிடம்தான் வால்யூம். இரண்டு சர்வீஸுக்கும் ஆளுக்கொரு வால்யூம் கொடுத்து, கண்டெய்னருக்குள் அது இணையும் பாதையையும் எழுதுங்கள்: தரவுத்தளத்துக்கு '/வார்/லிப்/மைஎஸ்கியூஎல்', வேர்ட்பிரஸுக்கு '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல்'. அந்த வால்யூம்களின் பெயர்களைக் கோப்பின் அடியில் 'வால்யூம்ஸ்' தலைப்பிலும் குறிப்பிட வேண்டும்.

படி 3: டாக்கர் கம்போஸ் அப் -டி

'-டி' சேர்த்தால் பின்னணியில் ஓடும். பிரவுசரில் 8080 போர்ட்டைத் திறங்கள். தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். முதல் முறை மரியாடிபி தயாராகச் சில விநாடிகள் ஆகும். பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் 'டாக்கர் கம்போஸ் லாக்ஸ் டிபி' காரணத்தைச் சொல்லிவிடும்.

படி 4: டாக்கர் கம்போஸ் டவுன்

கண்டெய்னர்களும் நெட்வொர்க்கும் அழியும். வால்யூம்கள் அப்படியே இருக்கும். மறுபடி 'அப்' கொடுத்தால் எழுதிய பதிவுகள் திரும்ப வரும். ஆனால் 'டவுன்' உடன் '-வி' சேர்த்தால் வால்யூம்களும் போய்விடும், அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல். சோதனைத் தளம் என்று நினைத்து வேறொரு கோப்புறையில் நின்றுகொண்டு நான் ஒருமுறை அதை அடித்தேன். அன்றிலிருந்து '-வி'க்கு முன்னால் 'பிடபிள்யூடி' அடித்து, எந்தக் கோப்புறையில் நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.