கொழுப்பைக் கரைக்கப் போய் தசையைக் கரைக்காதீர்கள்

கல்யாண சீசன் நெருங்கினால் ஜிம்மில் கட்டிங், அதாவது தசையை விடாமல் கொழுப்பை மட்டும் குறைக்கும் முயற்சி, தொடங்குகிறவர்கள் கூடிவிடுவார்கள். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். நானும் அந்தக் காலத்தில் செய்து, இன்று புதிதாக வருகிறவர்களும் விடாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கட்டிங் என்றதும் தூக்கும் வெயிட்டைக் குறைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. "கொழுப்பு கரைய லைட் வெயிட், நிறைய ரெப்ஸ் (ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது)" என்று யாரோ எப்போதோ சொன்னது ஜிம்முக்கு ஜிம் பரவிக் கிடக்கிறது. 80 கிலோ வைத்து ஸ்குவாட் போட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவர், கட்டிங் தொடங்கிய அன்றே 40 கிலோவுக்கு இறங்கினார். ஒரு செட்டுக்கு, அதாவது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு, இருபது ரெப்ஸ், அப்புறம் ட்ரெட்மில்லில் முக்கால் மணி நேரம். வியர்வை கொட்டியது, எடையும் இறங்கியது. நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த சட்டை தோளிலும் கையிலும் தொளதொளத்தது. தொப்பை மட்டும் பெல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றது. பழைய 80 கிலோவை மறுபடி வைத்தபோது மூன்றாவது ரெப்பில் எழ முடியவில்லை.

சாப்பாடு குறையும்போது உடம்பு இருப்பில் கை வைக்கும். அப்போது தசை தேவை என்று அதற்குக் காட்டுவது நீங்கள் தூக்கும் பளுதான். அந்தத் தேவையை நீங்களே பாதியாக்கினால் கொழுப்போடு தசையும் போகும். கொழுப்பைக் குறைப்பது கலோரிப் பற்றாக்குறை. வெயிட்டின் வேலை தசையைக் காப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு நஷ்டம்.

லேசான எடையையும் இனி ஒரு ரெப்கூட முடியாது என்கிற அளவுக்குக் கொண்டுபோனால் தசைக்கு வேலைதான். ஆனால் அரை வயிற்றோடு அப்படிச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இருபது எண்ணியதும் கீழே வைத்துவிடுகிறார்கள்.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் செட்டைக் குறையுங்கள். கலோரி குறைந்தால் உடம்பு தேறுவதும் மெதுவாகும், அதனால் ஐந்து செட் போட்ட இடத்தில் மூன்று போதும். பாரில் இருக்கும் எடை கூடியவரை இறங்கக் கூடாது. நோட்டில் எழுதி வாருங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் சின்னச் சரிவு வரலாம். எல்லாப் பயிற்சியிலும் வாராவாரம் சரிந்தால் சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள்.

அவசரம்

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் போதும். 80 கிலோ ஆளுக்கு 400 முதல் 800 கிராம். முதல் வாரம் மளமளவென இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். கிளைகோஜன் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து; அதில் ஒரு கிராம் தீர்ந்தால் அதோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும். அடுத்த வாரமும் அதே வேகம் வேண்டுமென்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்ப்பது

ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதமாவது வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் இருப்பது உண்மை. ஆனால் உங்கள் தட்டில் விழும் கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று சமைத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். சைவர்களுக்கு மீல் மேக்கர் கைகொடுக்கும்: ஊற வைப்பதற்கு முன் 50 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 25 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

தூக்கத்தை வெட்டுவது

கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோதும் ஐந்தரை மணி நேரம் இருந்தபோதும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போனது.

தினமும் எடை மெஷினில் ஏறிப் பயப்படுவது

வாரச் சராசரியைப் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.