குரோஷியாவோட நவீன கிளாசிக்கல் இசைய எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கலாம்

முதல்ல ஒண்ணு, தனித்தனி பேரா தேடாதீங்க, யார் யார்கிட்ட படிச்சாங்கன்னு பாத்துட்டே போங்க. அந்த ஊர்ல கம்போஸர்னா பெரும்பாலும் வாத்தியாராவும் இருப்பாங்க, அதனால ஒரு நூலப் புடிச்சா மொத்தமும் அவிழும்.

தலைநகர் ஜாக்ரெப்ல இருக்கற மியூசிக் அகாடமில சொல்லிக்கொடுத்த ஸ்த்யெபான் ஷூலெக்ல தொடங்குங்க. பழைய சிம்ஃபனி பாணில உறுதியா நின்னவர், காதுக்கு சுலபமா இருக்கும். அடுத்து அவரோட மாணவர் மில்கோ கெலெமென், இவர் அப்படியே எதிர்த்திசை, பாரிஸ்ல பிரெஞ்சு கம்போஸர் மெஸ்ஸியான்கிட்டயும் படிச்சுட்டு வந்து 1961ல ஜாக்ரெப் மியூசிக் பியனாலேங்கற, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற நவீன இசை விழாவ ஆரம்பிச்சாரு, 1963ல உலகப் புகழ் கம்போஸர் ஸ்ட்ராவின்ஸ்கியே அங்க வந்தாரு, அப்புறம் ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல வாத்தியாரா போயிட்டாரு. குருவையும் சிஷ்யரையும் ஒரே நாள்ல கேட்டுப் பாருங்க, வித்தியாசம் பளிச்னு தெரியும்.

இதெல்லாம் கொஞ்சம் கடினமா இருந்தா இகோர் குல்யெரிச்சோட கிளாகோலிடிக் ரெக்வியம் போடுங்க. ரெக்வியம்னா இறந்தவங்களுக்கான சர்ச் பிரார்த்தனை இசை, கிளாகோலிடிக்ங்கறது பழைய ஸ்லாவிய எழுத்து. பழைய சர்ச் ஸ்லாவோனிக்ங்கற பழங்கால வழிபாட்டு மொழில பாடுற கோரஸ், சத்தியமா உடம்பு சிலிர்க்கும். எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்.

கடைசியா இவோ யோசிபோவிச். சட்டப் பேராசிரியர், அதே மியூசிக் அகாடமில ஹார்மனியும் (ஸ்வரங்கள சேத்து ஒலிக்க வைக்கற முறை) சொல்லிக்கொடுத்த கம்போஸர், பியனாலேவ நடத்தினவர், 2010லேருந்து 2015 வரைக்கும் நாட்டோட ஜனாதிபதி! ஆனா பதவிய மறந்துட்டு இசைய மட்டும் கேளுங்க, அவரோட 'சம்பா டா கேமரா' சரியான தொடக்கம்.

ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவையாவது கேளுங்க, முதல் தடவைல எதுவும் புரியலன்னா பரவால்ல, எந்த வாத்தியம் எப்ப உள்ள வருதுன்னு மட்டும் கவனிங்க, போதும்.